எந்தக் கம்பஸை முதலில் போடுவது? கலைப்பிரிவு மலையக மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்ததும் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா கொம்யூனிகேஷன் கடைகளில் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கணினி முன்னால் இருப்பவர், "எத முதல்ல போட?" என்று கேட்பார். "போன வருசம் அக்கா போட்ட மாதிரியே போடுங்கண்ணே" என்று பதில் வரும். அடுத்த மூன்று நான்கு வருடங்கள் எந்த ஊரில், எந்த மொழியில், என்ன பாடம் படிப்பது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோகிறது.

மருத்துவம், பொறியியல் என்றால் ஊரே கூடி ஆலோசனை சொல்லும். கலைப்பிரிவுப் பிள்ளைக்கு "ஏதாவது ஒரு கம்பஸ் கிடைச்சா சரி" என்பதோடு ஆலோசனை முடிந்துவிடும். உண்மையில் தெரிவுகள் அதிகம் இருப்பதும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் கலைப்பிரிவில்தான்.

படி 1: தகுதியையும் பெயரையும் சரிபாருங்கள்

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது 'எஸ்' சித்தி வேண்டும். பொது வினாத்தாளில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். இவை இருந்தால் விண்ணப்பிக்கலாம். பரீட்சையை மூன்று தடவைக்கு மேல் எழுதிப் பெற்ற பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கு எடுபடாது.

தோட்டப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பாடசாலைப் பதிவேட்டில் மூன்றாவது விதம். அப்பாவின் பெயரை எழுதியவர் தமிழ் தெரியாதவராக இருந்திருப்பார். இதைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். பெறுபேறு வரும்வரை காத்திராமல் பரீட்சை முடிந்த கையோடு கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் வேலையை ஆரம்பியுங்கள்.

படி 2: உங்கள் மாவட்டம் எது?

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் போகின்றன. மீதி 5 சதவீதம், கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. கண்டியும் மாத்தளையும் இல்லை.

பாடசாலை மூலம் தோற்றியவருக்குப் பார்க்கப்படுவது வீட்டு முகவரி அல்ல, படித்த பாடசாலை இருக்கும் மாவட்டம். நோர்வூட்டில் வீடு இருந்தும் உயர்தரத்தைக் கண்டி நகரப் பாடசாலையில் படித்தவர் கண்டி மாவட்டப் பிள்ளைகளோடுதான் போட்டியிட வேண்டும். கினிகத்தேனைக்குக் கீழே இறங்கி நாவலப்பிட்டியில் படித்தாலும் இதே கதை. மறுபக்கம், நுவரெலியா ஒதுக்கீட்டுக்காக வெளி மாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து சேர்கிறார்கள் என்ற மனக்குறை மலையகத்தில் பழையது. உயர்தரத்துக்குப் பாடசாலை மாறுவதைப் பற்றி யோசிக்கும் 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கட்டும்.

படி 3: எங்கே என்ன இருக்கிறது?

பேராதனையை மலையகம் தன் கம்பஸாகவே நினைக்கிறது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கே குடிபெயர்ந்தது. ஹட்டனில் ரயில் ஏறினால் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனைச் சந்தியில் இறங்கலாம். அம்மா சுகமில்லை என்று தொலைபேசி வந்தால் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த நெருக்கம் சிறிய காரணமல்ல, முக்கியமாக வீட்டின் மூத்த பெண் பிள்ளைக்கு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. நூலகத்திலிருந்து நிர்வாக அலுவலகம் வரை தமிழிலேயே சமாளிக்கலாம். சட்டமும் மொழிபெயர்ப்புக் கற்கையும் உண்டு. சங்கீதம், நடனம், சித்திரம் என்றால் மருதனார்மடத்தில் உள்ள இராமநாதன் நுண்கலைப் பிரிவு இருக்கிறது. பயணம்தான் நீளம்.

கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில். அதன்கீழ் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடலும் மொழிகளும். பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி என்று கனவு காணும் பிள்ளை திருகோணமலையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்மொழி மூலம் கலைப்பீடம் நடக்கிறது. கொழும்பில் பாடத்துக்குப் பாடம் மொழி மாறும். வாழ்க்கைச் செலவு அதிகம்.

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலை எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். நான் விரும்பும் பாடம் அங்கே உண்டா? அது எந்த மொழியில் கற்பிக்கப்படுகிறது? முதல் வருடத்துக்குப் பிறகு சிறப்புக் கற்கைக்குப் போக என்ன வேண்டும்? பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு. சில துறைகள் உயர்தரத்தில் அதே பாடம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். புவியியல் ஆசையோடு போய், கடைசியில் கிடைத்த பாடத்தோடு திரும்பிவருபவர்கள் குறைவில்லை.

இசை, நடனம் போன்ற சிலவற்றுக்குத் தனியாக உளச்சார்பு அல்லது செயல்முறைப் பரீட்சை நடக்கும். அதன் விளம்பரம் வேறொரு நாளில் வரும். அதைத் தவறவிட்டவருக்கு இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

படி 4: வரிசை போடுதல்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு யூனி-கோட் உண்டு. நீங்கள் அவற்றை விருப்ப வரிசையில் அடுக்குகிறீர்கள். தெரிவு நடக்கும்போது உங்கள் வரிசையில் மேலிருந்து கீழே பார்த்து, புள்ளி போதுமான முதல் இடம் உங்களுக்குத் தரப்படுகிறது. அதற்குக் கீழே உள்ளவை அத்தோடு போய்விடும்.

"பேராதனை சட்டம் எனக்குக் கிடைக்காது, அதை முதலில் போட்டு இடத்தை வீணாக்குவானேன்" என்று நினைத்து, நிச்சயம் கிடைக்கும் ஒன்றை முதலில் போடுகிறார்கள். வீணாவது எதுவும் இல்லை. சட்டத்துக்குப் புள்ளி போதாவிட்டால் பார்வை அடுத்த தெரிவுக்கு நகரும், அவ்வளவுதான். கிடைக்கக்கூடியதை மேலே போட்டால், அதைவிட நல்லதற்குப் புள்ளி போதுமானதாக இருந்தும் உங்களுக்குக் கிடைக்காது.

ஆகவே ஆசைப்படும் வரிசையே சரியான வரிசை. சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்ப்பதில் தவறில்லை. பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும், கீழே எதைச் சேர்க்க வேண்டும் என்று அது காட்டும். வரிசையை மாற்ற அதைப் பயன்படுத்த வேண்டாம். கிடைத்தாலும் போகமாட்டேன் என்றிருக்கும் இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

"இப்ப எங்கயாவது சேர்ந்துட்டு பிறகு மாறிக்கலாம்" என்பதும் அடிக்கடி காதில் விழும். நடுவழியில் இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதை நம்பி வரிசை போடாதீர்கள்.

படி 5: காசு

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. விடுதி, சாப்பாடு, பயணம், போட்டோக்கொப்பி, ஒரு நல்ல தொலைபேசி என்று செலவு வரும். 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதம் 7,500 ரூபாயாகவும், அது கிடைக்காதவர்களுக்கான உதவித்தொகை 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும் என்பதால் பெற்றோரின் சம்பளச் சிட்டைகளைப் பத்திரமாக வையுங்கள். முதல் தவணைப் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம்; அதுவரைக்கான காசை முன்கூட்டியே ஒதுக்குங்கள். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென இந்திய உயர்ஸ்தானிகராலயத்தோடு இணைந்து இயங்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளையும் உதவித்தொகை தருகிறது.

படி 6: கிடைக்காவிட்டால், அல்லது கடல் தாண்ட நினைத்தால்

நாவலையில் தலைமையகம் கொண்ட திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே படிக்க விடும். பேராதனை வெளிவாரிக் கலைப் பட்டமும் தருகிறது. ஆசிரியத் தொழில்தான் இலக்கு என்றால் கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அதைப் பட்டத்துக்குக் குறைந்ததாக நினைப்பது இங்குள்ள வீண் கௌரவம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி: பங்களாதேஷின் சிட்டகாங்கில் 2008இல் தொடங்கிய ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம். ஒரே துறையில் அடைத்துவிடாமல் பல துறைகளையும் தொட்டுப் படிக்கவைக்கும் லிபரல் ஆர்ட்ஸ் முறை அங்கே. இலங்கைப் பெண்கள் அங்கே படித்திருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலை, தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களிலிருந்து வரும் பெண்களுக்கென 2016 முதல் தனித் திட்டமும் நடக்கிறது. ஆங்கிலத்துக்கான ஆயத்தப் படிப்பு அதில் உண்டு. இலங்கையில் ஒரு வருடம் படித்துவிட்டு அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு மாற நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, வெளிநாட்டிலிருந்து நடுவில் மாறி வருபவருக்கு அந்தக் கல்லூரி நிதியுதவி தருகிறதா என்பதை. முதல் வருடத்தில் சேர்பவருக்குத் தரும் பல கல்லூரிகள் இவர்களுக்குத் தருவதில்லை. எந்த வழியானாலும், முன்பணம் கேட்கும் முகவரிடம் போகாமல் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலேயே விண்ணப்பியுங்கள்.

அனுப்புவதற்கு முன்

வரிசையை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரரின் மின்னஞ்சலிலோ அவருடைய தொலைபேசி எண்ணிலோ பதிவு செய்ய வேண்டாம். அறிவித்தல் உங்கள் கைக்கு வர வேண்டும். கொடுத்த சிம்மைப் பதிவு முடியும்வரை மாற்றாதீர்கள். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காத லயத்தில் இருந்தால் வாரத்தில் ஒரு நாளாவது சிக்னல் உள்ள இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அனுப்பிய பிரதியை அச்செடுத்து, யூனி-கோட் ஒவ்வொன்றையும் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கடையிலிருந்து வெளியே வாருங்கள்.