வேட்டைக்காடு காவற்காடான வரலாறு

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே எழும்பி, இடுக்கி மாவட்டத்து மூணாறு வரை செல்வது ஆனைமலைத் தொடர். அதன் கொடுமுடி, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி. அம்முடியை அடுத்த இரவிகுளம் புல்வெளியே வரையாடுகள் மிகுந்து வாழும் இடங்களுள் முதன்மையானது.

சங்கப் புலவர் வருடை என்றது இவ்விலங்கையே என்பர் அறிஞர். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இஃது இல்லை. இமயத்து மலையாட்டின் உறவு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. செம்மறியாட்டுக்கே இது நெருங்கிய உறவு என்று கண்டு, தனிப் பேரினமாக 2005-இல் பிரித்தனர்.

இதனை அழியாமல் காத்தவர் யார்? விடை வியப்பைத் தரும்: வேட்டையாடியவர்களே!

தேயிலைக்காகச் சோலைகளை வெட்டிச் சாய்த்த தோட்டத் துரைமார், இம்மேட்டு நிலத்தை மட்டும் தம் வேட்டைக்கென ஒதுக்கினர். 1928-இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று கண்டனர். இன்று எல்லாவற்றையும் சுட்டுவிட்டால் நாளைக்கு வேட்டை ஏது? எனவே வேட்டைக்கு வரம்பு கட்டினர். நோக்கம் தன்னலமே; ஆயினும் விலங்கு பிழைத்தது.

வரம்பு கட்டியவர் துரைமார். மலையில் நடந்து காத்தவர் முதுவர். மதுரையிலிருந்து வந்தோம் என்று தம் மரபைக் கூறும் மலைமக்கள் அவர். சங்கத்தின் காவலராகி, மேட்டு நிலத்தைச் சுற்றி வந்தனர். புல்லைப் பகுதி பகுதியாக எரித்துப் பெருந்தீ பரவாமல் தடுத்தனர்.

1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கச் சட்டம் இயற்றியது. உழவர்க்குப் பங்கிட்டளிப்பதே அச்சட்டத்தின் நோக்கம். இரவிகுளமும் கூறுபோடப்பட்டிருந்தால் வரையாட்டுக்குப் போக்கிடம் ஏது? நல்வேளையாக 1975-இல் அது சரணாலயமாயிற்று. 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று.

ஆய்வாளரும் வாளாவிருக்கவில்லை. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஷாலர் 1969-இல் இங்கு வந்து வரையாட்டின் வாழ்வை ஆராய்ந்தார். நீலகிரி வழக்கறிஞர் இ. ஆர். சி. தாவிதார் 1963-இல் நீலகிரியிலும், 1975-இல் மலைத்தொடர் முழுவதிலும் கணக்கெடுத்தார். அவர் மதிப்பிட்டவை ஏறத்தாழ 2,200 ஆடுகளே. ஒரு பேரினம் முழுவதும் ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அளவே!

தோழர்களே, இவ்வரலாற்றில் சங்கத்தின் பெயர் நிற்கிறது. சட்டத்தின் ஆண்டு நிற்கிறது. கணக்கெடுத்தவர் பெயரும் நிற்கிறது. பனியிலும் மழையிலும் நடந்த முதுவரின் பெயர்களோ அரிதாகவே கிடைக்கின்றன. அறிவியல் பயிலும் நாம் ஓர் உயிரினத்தைப் பற்றி எழுதும்போது, அதன் எலும்பையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதினால் போதாது. அதனைக் காத்த கால்களையும் எழுதவேண்டும். காவல் என்பது முதலில் நடை. சட்டம் பிறகு வந்தது.