ராக்கெட் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

சென்னையிலும் ஹைதராபாத்திலும் தனியார் ராக்கெட் நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. 2020-இல் விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டதால் வந்த வாய்ப்பு இது. எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காதது. வருகிற பிள்ளைகள் நன்றாக வரவேண்டும் என்ற ஆசையில் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. எவ்வளவு உயரம் போனது என்பதோடு நிறுத்தாதீர்கள், என்ன வேகத்தில் போனது என்று கேளுங்கள். 2022 நவம்பரில் ஸ்கைரூட் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் ராக்கெட் ஏறத்தாழ 90 கி.மீ. உயரத்தைத் தொட்டது. இந்தியத் தனியார் ராக்கெட்டுகளில் அதுதான் முதல், பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஒரு செயற்கைக்கோள் தாழ்ந்த பாதையில் விழாமல் பூமியைச் சுற்ற நொடிக்கு ஏறத்தாழ ஏழரை கி.மீ. வேகம் வேண்டும். கடினமான வேலை அங்கேதான் இருக்கிறது.

2. வரைபடம் பார்க்கப் பழகுங்கள். துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே பறக்க முடியாது, வழியில் இலங்கை இருக்கிறது. அதனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி கடல்மேல் வளைந்து போகிறது. பெரிய ராக்கெட் அந்த எரிபொருள் செலவைத் தாங்கும். சிறிய ராக்கெட்டில் அதே செலவு செயற்கைக்கோளுக்கான எடையைத் தின்றுவிடும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது இதற்காகத்தான். அங்கிருந்து தெற்கே தடையில்லாத கடல்.

3. வெற்றிச் செய்திகளைவிடத் தோல்வி அறிக்கைகளை அதிகம் படியுங்கள். இரண்டு மட்டும் சொல்கிறேன்.

ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 மூன்று முறை தோற்றது. 2008 ஆகஸ்டில் மூன்றாம் முறை, கீழ் எஞ்சினை நிறுத்திய பிறகும் குளிர்விப்புக் குழாய்களில் மிச்சமிருந்த எரிபொருள் கொஞ்சம் உந்துதல் கொடுத்துக்கொண்டே இருந்தது. பிரிந்த கீழ்க் கட்டம் முன்னே வந்து மேல் கட்டத்தில் மோதியது. தரையில் சோதித்தபோது இது ஏன் தெரியவில்லை? அந்த மிச்ச அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைவிடக் குறைவு. காற்றில்லாத உயரத்தில்தான் அது வேலையைக் காட்டியது. எஞ்சினை நிறுத்துவதற்கும் கட்டத்தைப் பிரிப்பதற்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். இரண்டே மாதத்துக்குள், செப்டம்பர் 28 அன்று, நான்காவது ஃபால்கன் 1 சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி 2022 ஆகஸ்டில் முதல்முறை பறந்தது. இரண்டாம் கட்டம் பிரியும்போது கொஞ்ச நேரம் அதிர்வு அதிகமாகிவிட்டது. உணரிகள் பழுதாகிவிட்டன என்று மென்பொருள் முடிவுசெய்து மாற்று வழிக்குத் தாவியது. உணரிகள் நன்றாகத்தான் இருந்தன. 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் போகவேண்டிய செயற்கைக்கோள்கள் ஒருபக்கம் 76 கி.மீ. வரை தாழ்ந்த பாதையில் விடப்பட்டு வீணாயின. அவற்றில் ஒன்று நாடெங்கும் 750 பள்ளி மாணவிகள் பங்கெடுத்துச் செய்த ஆசாதிசாட். நீங்கள் எழுதும் மென்பொருளின் ஒரு வரி அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் கையில் வைத்திருக்கிறது என்ற நினைப்பு இருக்கட்டும். 2023 பிப்ரவரியில் அடுத்த எஸ்எஸ்எல்வி சரியாகப் போனது, ஆசாதிசாட்-2-ஐயும் ஏற்றிக்கொண்டு.

4. புதிய தயாரிப்பு முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், பழைய சந்தேகத்தையும் விடாதீர்கள். சென்னையின் அக்னிகுல், முப்பரிமாண அச்சில் எஞ்சினை ஒரே துண்டாக எடுக்கிறது. வெல்டிங் இணைப்பு இல்லாததால் கசிவுக்கு இடம் குறைவு. ஆனால் இப்படி அச்சிட்டு எடுக்கும் எந்த எஞ்சினிலும் சுவருக்குள் ஓடும் மெல்லிய வழிகளில் உலோகத் தூள் தங்கிவிடலாம், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. தட்டிப் பாருங்கள், ஊதிப் பாருங்கள், ஸ்கேன் எடுங்கள்.

5. திரும்பி வந்து நிற்கும் ராக்கெட்டைப் பார்த்து எல்லோருக்கும் ஆசை வரும். 2015 டிசம்பரில் ஃபால்கன் 9 முதன்முதலாகத் தரையிறங்கியது. ஒருமுறை பறந்து வந்த கட்டம் மறுபடி பறந்தது 2017 மார்ச்சில். இடையில் ஒன்றேகால் வருஷம். இறங்கி நின்றதோடு வேலை முடிந்துவிடவில்லை.

6. நிறுத்தச் சொல்லும் தைரியம் வேண்டும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்படுவதற்கு முந்தைய இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்று பூஸ்டர் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எச்சரித்தார்கள். அந்த நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்ட் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்தார். மேலதிகாரி போட்டார். ஏழு உயிர்கள் போயின.

அதன் பக்கத்திலேயே இதையும் வைத்துப் பாருங்கள். அக்னிகுல்லின் முதல் ராக்கெட் நான்கு முறை தள்ளிப்போனது. ஒருமுறை கிளம்பச் சில நொடிகளே இருந்தபோது நிறுத்தினார்கள். வெளியே இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ மனம் நிறைந்துவிட்டது. 2024 மே 30 காலையில் அது சுத்தமாகப் பறந்தது.

நேர்முகத் தேர்வில் சம்பளம் பேசி முடித்ததும் இதையும் கேளுங்கள்: "கவுண்ட்டவுனை நிறுத்தச் சொல்ல இங்கே யாருக்கெல்லாம் உரிமை இருக்கிறது?" வால்வு மாட்டும் டெக்னீஷியனுக்கும் இருக்கிறது என்று பதில் வந்தால், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அங்கேயே சேருங்கள்.