வெயிலை நம்பாத விவசாயிகள்

அன்புள்ள தம்பி,

வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிறு பண்ணையில் மார்ச் முதல் ஜூன் வரை தங்கி வேலை பழகப் போவதாக எழுதியிருந்தாய். அந்தக் குளிரைத் தாங்க முடியுமா என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவின் வடகிழக்கில், கனடா எல்லையை ஒட்டிய அந்த மலைநாட்டு விவசாயிகளுக்குக் குளிர் பழகிப்போன ஒன்று. பருவம் தவறி முன்னதாக வரும் வெயில்தான் அவர்கள் வயிற்றைக் கலக்கும்.

காரணம் இருக்கிறது. 2012 மார்ச் நடுவில் மிச்சிகன் மாநிலத்தில் வெப்பம் பல இடங்களில் 27 டிகிரி செல்சியஸை எட்டியது. வழக்கமாகப் பனி கிடக்கும் நாட்கள் அவை. ஆப்பிள் மரங்கள் ஏமாந்து பல வாரங்களுக்கு முன்பே மொட்டு விட்டன. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தது, அதுவும் பல இரவுகள். அந்த ஆண்டு மாநிலத்தின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. மரங்கள் விழித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அதே குளிர் அவற்றை ஒன்றும் செய்திருக்காது. மொட்டின் நுனி அப்போதுதான் வெளுத்துவரும் கட்டத்தில் ஆப்பிள் மைனஸ் 9 டிகிரி வரை பெரிய சேதமில்லாமல் தாங்கும். முழுதாகப் பூத்துவிட்டால் மைனஸ் 2 டிகிரியிலேயே பத்தில் ஒரு பூ செத்துவிடும். மைனஸ் 4ஐ நெருங்கினால் பத்தில் ஒன்பது.

நீ போகும் வெர்மான்டிலும் 2023 மே 18 அதிகாலையில் இப்படித்தான் நடந்தது. பூவும் பிஞ்சுமாக நின்ற ஆப்பிள், திராட்சைத் தோட்டங்களை ஒரே இரவின் உறைபனி கருக்கியது. சில தோட்டங்களில் அந்த ஆண்டு பறிக்க ஏறத்தாழ ஒன்றுமே மிஞ்சவில்லை. ஜூலையில் பெருவெள்ளம் வந்து ஆற்றோரக் காய்கறி வயல்களையும் மூழ்கடித்தது. உன் பண்ணைக்காரர்கள் வானத்தை அடிக்கடி அண்ணாந்து பார்த்தால் சிரிக்காதே.

நீ போய் இறங்கும்போது மேப்பிள் சாறு இறக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் நம்மூர்க்காரர்களுக்கு இது புரியாத வேலையல்ல. மரத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்குள் ஒரு சிறு துளை, அதில் ஒரு மூக்கு, கீழே வாளி அல்லது நெடுந்தூரம் ஓடும் பிளாஸ்டிக் குழாய். சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். தண்ணீரின் கொதிநிலையைவிட நான்கு டிகிரி கூடியதும் இறக்கிவிட வேண்டும். கவனம் சிதறினால் தீய்ந்துபோகும். சாறு நன்றாக ஓட, இரவு உறைய வேண்டும், பகல் இளக வேண்டும். வெயில் தொடர்ந்து அடித்து மரம் மொட்டு விட்டுவிட்டால் பாகின் சுவை கெடும். பருவம் அதோடு சரி. அதனால் சனவரிக் கடைசியிலேயே துளையிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. மரம் தன் புண்ணை ஆற்றிக்கொள்ளும் இயல்புடையது என்பதால் சீக்கிரம் போட்ட துளை சீக்கிரம் வறண்டுவிடும் என்று பொறுத்திருப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒவ்வோர் ஆண்டும் வாதாடும். நீ நடுவே போகாதே.

பிறகு சேறு. அதை ஒரு தனிப் பருவமாகவே அங்கே சொல்வார்கள். குளிர்காலத்தில் பூமி பல அடி ஆழத்துக்கு உறைந்துவிடும். வெயில் மேல் மண்ணை இளக்கும்; அடிமண் இன்னும் பாறையாகக் கிடக்கும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கிவிடும். மாநிலத்தின் சாலைகளில் பாதிக்கு மேல் மண் சாலைகள். அவற்றில் பல இடங்களில் இந்த வாரங்களில் கனரக வண்டிகளுக்குத் தடை போடுவார்கள். கைதேர்ந்த விவசாயி மாட்டுத் தீவனம், விதை, வேலிக் கம்பு எல்லாவற்றையும் தரை உறைந்திருக்கும்போதே கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

அந்த உறைதலையும் இளகலையும் வேலைக்காரனாக்கிக்கொள்ளும் தந்திரம் ஒன்றும் உண்டு. மேய்ச்சல் நிலத்தில் பனி கரையத் தொடங்கும் நாட்களில் குளோவர் என்ற தீவனப் பயிரின் விதையை அப்படியே மேலே தூவிவிடுவார்கள். உழவும் இல்லை, பரம்படிப்பதும் இல்லை. இரவில் உறைந்து பகலில் இளகும் மண் வெடித்து மூடி, விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே உறைதல் கல்லையும் மேலே தள்ளும். ஒவ்வொரு வசந்தத்திலும் வயலில் புதிதாகக் கற்கள் முளைத்ததுபோலக் கிடக்கும், பொறுக்கி மாளாது. வெர்மான்ட் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரம் முழுக்க நீ பார்க்கப்போகும் கல் வேலிகள் இப்படிப் பொறுக்கிய கற்களே. வேலிக் கம்பங்களையும் உறைபனி தூக்கிவிட்டிருக்கும். ஆடுமாடுகளை வெளியே விடுமுன் ஒரு சுற்று நடந்து அடித்து இறுக்க வேண்டும்.

உழவில்தான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். நான்கு நாள் வெயில் அடித்ததும் டிராக்டரை எடுக்கக் கை துறுதுறுக்கும். ஈரக் களிமண்ணில் அதை இறக்கினால் மண் இறுகிக் கட்டி கட்டியாகிவிடும். அந்த ஆண்டு முழுவதும் அது சரியாகாது. பதம் பார்க்கும் முறை நம்மூர் முறைதான். நான்கைந்து அங்குலம் தோண்டி ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்து. உருண்டையை விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பளபளவென்று நின்றால் டிராக்டர் கொட்டகையிலேயே இருக்கட்டும்.

விதைப்புக்கு நாம் ஆடிப்பட்டம் என்று மாதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறோம். அங்கே கடைசி உறைபனி விழும் தேதியை வைத்துக் கணக்கு. ஆனால் அந்தத் தேதி பல ஆண்டுகளின் சராசரி. அதற்குப் பிறகும் உறைபனி விழலாம். 1816இல் நியூ இங்கிலாந்தில் ஜூன் மாதம் பனி பொழிந்தது, கோடையிலும் உறைபனி விழுந்து மக்காச்சோளப் பயிர் அழிந்தது. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய புழுதியும் கந்தகமும் உலகெங்கும் வெயிலை மறைத்ததே காரணம். ஆகவே தேதியைவிட மண்ணுக்குள் செருகும் வெப்பமானியை நம்பு. மண் 5 டிகிரி இருந்தாலே பட்டாணியும் பாலக் கீரையும் மெல்ல முளைத்துவிடும். பின்னால் பனி விழுந்தாலும் தாங்கும். மக்காச்சோளத்துக்குக் குறைந்தது 10 டிகிரி வேண்டும். பீன்ஸ் 15க்குக் கீழே போட்டால் அழுகும். பட்டாணியைத் துணிந்து போடலாம், பீன்ஸைப் பொறுத்துப் போடு.

உறைபனி இரவை அடையாளம் காண்பது தனிக் கலை. வானம் தெளிந்து, காற்று நின்று, நட்சத்திரம் மினுங்கினால் எச்சரிக்கையாக இரு. தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். வானிலை அறிக்கை 2 டிகிரி என்று சொன்னாலும் அது ஆள் உயரத்தில் அளந்த கணக்கு. செடியின் மட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பழத்தோட்டங்களைச் சரிவில் வைத்தார்கள். பெரிய தோட்டங்களில் மேலேயுள்ள சூடான காற்றைக் கீழே இறக்க ராட்சத விசிறிகள் உண்டு. இன்னும் சிலர் பூக்களின் மேல் விடிய விடியத் தண்ணீர் தெளிப்பார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைக் காக்கும். ஆனால் பாதியில் நிறுத்தினால் தெளிக்காமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். சிறு பண்ணைக்கு மெல்லிய மூடுதுணிதான். பொழுது சாயுமுன்னே மூடு, மண்ணின் சூடு உள்ளே தங்கும். ஸ்ட்ராபெரி பாத்தியிலிருந்து விலக்கிய வைக்கோலைத் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வை, இரவில் திரும்ப இழுத்துவிடலாம்.

செம்மறிகள் குட்டி போடுவதும் இதே வாரங்களில்தான். உலர்ந்த கடுங்குளிரைக் குட்டி தாங்கும். மூன்று நான்கு டிகிரியில் காற்றோடு பெய்யும் மழைதான் அதைக் கொல்லும். பிறந்தவுடன் துடைத்து உலர்த்தி, தொப்புளில் அயோடின் தடவி, சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வை; ஒரு நாள் கடந்தால் அதிலுள்ள நோயெதிர்ப்புச் சத்தைக் குட்டியின் குடல் ஏற்காது. ஈன்றெடுக்குமுன் தாயின் ரோமத்தைக் கத்தரிப்பது பலரின் வழக்கம். குளிர் உறைத்தால் அதுவே குட்டிகளை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போகும். வெப்ப விளக்கைக் கட்டும்போது கயிற்றையும் வைக்கோலையும் இருமுறை பார். கொட்டகைகள் எரிவதற்கு அது ஒரு வழக்கமான காரணம்.

புல் பச்சை காட்டியதும் மாடுகள் கத்தத் தொடங்கும். இரங்காதே. ஒரு சாண் உயரம் வளரட்டும். முதலில் உலர்புல்லைக் கொடுத்துவிட்டு, சில மணி நேரம் மட்டும் விடு. வெறும் வயிற்றில் இளங்குளோவரை மேய்ந்தால் வயிறு உப்பிச் சாகவும் கூடும்.

தக்காளி நாற்றை வெர்மான்ட்காரர்கள் மே கடைசித் திங்களன்று வரும் நினைவு நாளை ஒட்டி நடுவது வழக்கம். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்றுத் தட்டுகளைப் பகலில் வெளியே வைத்துப் பழக்கு. மே தொடக்கத்தில் சட்டையைக் கழற்றும் அளவுக்கு வெயில் அடித்து, பக்கத்துப் பண்ணையில் நட ஆரம்பித்துவிட்டார்களே என்று யாராவது சொன்னாலும் நடாதே. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும் மண் வெப்பமானி ஒன்றும் வாங்கிக்கொண்டு கிளம்பு.

அன்புடன்,
அண்ணன்