அஸருக்குப் பின் ஒரு மணி நேரம்

பள்ளிக்கூடம், டியூஷன், குர்ஆன் மத்ரஸா என்று நம் பிள்ளைகளின் பொழுதைப் பங்கு போட்டுவிட்டோம். மிச்சத்தைக் கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. தெருவில் ஓடியாடும் பிள்ளையைக் கண்டால் 'உருப்படாதவன்' என்கிறோம். இது மார்க்கம் தந்த எண்ணமா?

இல்லை. ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' நூலில், ஓதிவிட்டு வரும் பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விடவேண்டும் என்றும், ஓயாமல் படிப்பிலேயே நெருக்கினால் அதன் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்றும் எச்சரிக்கிறார்கள். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலுழைப்பு வேண்டும் என்பது 2020-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை.

இதற்குச் செலவில்லை. பிள்ளையார்குப்பம் போன்ற பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் அறுப்பு முடிந்த வயலும் நடுவே ஒரு கோடும் இருந்தால் சடுகுடு தயார். பாடிப் போகிறவன் மூச்சை அடக்கப் பழகுகிறான். பிடிப்பவர்கள் கைகோத்து நிற்கப் பழகுகிறார்கள். பிடிபட்டவனோ, தன் கூட்டாளி புள்ளி எடுத்துத் தன்னை மீட்கும்வரை பொறுத்திருக்கப் பழகுகிறான்.

தோல்வியைத் தாங்குவதும் ஒரு பாடமே. பயணமொன்றில் நாயகம் (ஸல்) அவர்களோடு ஓடி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முந்தினார்கள். பிந்திய ஒரு பயணத்தில் நாயகம் முந்தி, முன்னதற்கு இது ஈடு என்று சிரித்தார்கள். பெண்பிள்ளைகளை மூலையில் உட்காரவைப்போர் இதைச் சிந்திக்கட்டும். அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்து போட்டியிட்டபோது நாயகம் ஒரு பக்கம் சேர்ந்தார்கள். எதிரணி கை நிறுத்தியதும், எல்லோருடனும் நான் இருக்கிறேன் என்று ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள். ஆட்டத்தில் அணி உண்டு, பகை இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. தொழுகை தவறக்கூடாது.
2. கோலியானாலும் பம்பரமானாலும் பந்தயப் பொருள் வைத்தால் அது சூது.
3. மறைக்க வேண்டிய உறுப்புகள் மறைந்திருக்க வேண்டும்.
4. ஏச்சும் அடியும் கூடாது. இளைத்த பிள்ளையை ஒதுக்கவும் கூடாது.
5. இருள் கவியும்போது பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளுமாறு ஹதீஸ் கட்டளையிடுகிறது. ஆகவே மஃரிபுக்குள் வீடு திரும்ப வேண்டும்.

அஸர் தொழுததும் பிள்ளையைப் புத்தகத்திலிருந்து எழுப்பி வெளியே அனுப்புவோம். உடல் வலிமையும் நற்குணமும் வாய்ந்த முஃமின்களாக நம் மக்களை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.