யூட்டிலிட்டி ரூமுக்கு எந்தக் கல்? 40 சதுர அடி கணக்கு

வீடு கட்டுற பட்ஜெட் வீடியோவுல ஹால், கிச்சன் தரை வரைக்கும் பார்த்தோம். வாஷிங் மெஷின் வைக்கிற யூட்டிலிட்டி ரூமை விட்டுட்டோம். பெரும்பாலும் எல்லாருமே அதை விட்டுடுறோம்.

நீங்க சென்னையில வேலை பார்க்கிறீங்க, கடலூர்லயோ சிதம்பரத்துலயோ அப்பா அம்மாவுக்கு வீடு எழும்புதுன்னு வெச்சுக்கோங்க. மீட்டிங் நடுவுல மேஸ்திரி போன் பண்றார். "தம்பி, ஹால்ல போட்ட பாலிஷ் கிரானைட்டையே இங்கேயும் போட்டுடலாமா?" அவசரத்துல "சரிங்கண்ணே"ன்னு சொல்லிடுவீங்க. அந்த அறையில சோப்புத் தண்ணியில தினமும் நிக்கப் போறது உங்க அம்மா.

கிரானைட் நல்ல கல்தான். வழுக்குறது அதுல ஏத்துற பாலிஷ். சிதம்பரம் நடராஜர் கோயில் பிராகாரத்துல வெறுங்காலோட நடந்திருப்பீங்க. அது பளபளப்பு ஏத்தாத கருங்கல், காலுக்குப் பிடிப்பு இருக்கும். கடையில அதே கிரானைட்டை ஃப்ளேம்டு, லெதர்னு சொரசொரப்பான ஃபினிஷ்லயும் தருவாங்க. ஈரம் படுற இடத்துக்கு அதைக் கேளுங்க.

"கடப்பா கல் சீப்பா கிடைக்குதே?" சீப்தான். கடப்பா, கோட்டா, மார்பிள் மூணுமே சுண்ணாம்புச் சத்துள்ள கல். நம்ம கடலோரப் பக்கம் போர் தண்ணி உப்பா இருக்கிற வீடுகள்ல தரையில வெள்ளைக் கறை படியும், கறுப்புக் கல்லுல அது இன்னும் பளிச்சுனு தெரியும். கறை போகலைன்னு பாத்ரூம் ஆசிட்டை ஊத்துவாங்க. ஆசிட் கறையோட சேர்த்துக் கல்லையும் அரிச்சிடும். கல் மங்கி, சொத்தை விழுந்து, கடைசியில பேர்த்து எடுக்கணும். உங்க வீட்டுத் தண்ணி நல்ல தண்ணி, ஆசிட் உள்ளேயே வராதுன்னா கோட்டா தாராளமா போடலாம். இல்லேன்னா சாம்பல் நிற கிரானைட். அதுலயும் ஆசிட் வேண்டாம், இடுக்குல இருக்கிற சிமெண்ட்டைத் தின்னுடும்.

கடையில பேரை மாத்திச் சொன்னாலும் நீங்களே கண்டுபிடிக்கலாம். சாம்பிள் துண்டுல எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் கழிச்சுத் துடைங்க. மங்கலான தடம் விழுந்தா அது சுண்ணாம்புக் கல்.

இப்ப கணக்குக்கு வருவோம். 8 அடிக்கு 5 அடி அறைன்னா 40 சதுர அடி, வெட்டுச் சேதாரம் 10% சேர்த்து 44. உதாரணத்துக்கு ஒரு கல் சதுர அடி 60 ரூபாய், இன்னொண்ணு 120 ரூபாய்னு வைங்க (உங்க ஊர் ரேட்டை விசாரிச்சுப் போட்டுக்கோங்க). வித்தியாசம் 2,640 ரூபாய்தான். ரெண்டு வருஷம் கழிச்சு மாத்தணும்னா உடைக்கிற கூலி, ராவுறது அள்ளுற வண்டி, புதுக் கல், திரும்பப் பதிக்கிற கூலி எல்லாம் வரும். சின்ன அறையில கல் விலையை விடக் கூலிதான் கடிக்கும்.

அதுக்காக இத்தாலியன் மார்பிள் பக்கம் போயிடாதீங்க. "பத்தாயிரம்தானே அதிகம், லோன்ல சேர்த்துக்கலாம்"னு தோணும். 9% வட்டியில 20 வருஷ ஹோம் லோன்ல அந்த 10,000 ரூபாய்க்கு நீங்க கட்டி முடிக்கிறது சுமார் 21,600 ரூபாய். துணி துவைக்கிற அறைக்கு!

காசு மிச்சம் பிடிக்க எனக்குப் பிடிச்ச வழி வேற. சமையல் மேடைக்கு வாங்கின கிரானைட் ஸ்லாப்ல துண்டு மிஞ்சும். ஏற்கெனவே உங்க காசுல வாங்கினது, கேட்கலைன்னா காணாமப் போயிடும். அதை வாஷிங் மெஷினுக்கு அடியில போடச் சொல்லுங்க. அங்க யாரும் நடக்கிறதில்ல, பாலிஷ் இருந்தாலும் பரவாயில்ல. நடக்கிற இடத்துக்கு மட்டும் சொரசொரப்புக் கல் வாங்கினாப் போதும். கனம் வேற வேறயா இருக்கும்னு மேஸ்திரிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, கலவையில சரி பண்ணிடுவார்.

அப்புறம் வாட்டம். 100-க்கு 1, அதாவது 8 அடி நீளத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு அங்குலம், ஜாலி பக்கம் தாழ்ந்து இருக்கணும். தண்ணி தேங்கினா எந்தக் கல்லா இருந்தாலும் இடுக்குல உப்பு பூக்கும், பாசி பிடிக்கும். பதிச்சு நல்லா செட் ஆன பிறகு, ஊருக்குப் போற சனிக்கிழமை ஒரு வாளி தண்ணியை மூலையில ஊத்தி, எங்கேயாவது நிக்குதான்னு பாருங்க. மேஸ்திரிக்குக் கடைசி பேமெண்ட் அதுக்கு அப்புறம்தான்.