நுண்துகளின் மின்னூட்டமும் நுண்ணுயிரின் அழிவும்

கலங்கிய ஆற்று நீரில் படிகாரத்தைச் சிறிது கரைத்து வைத்தால், மண் அடியிற் படிந்து நீர் தெளிவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். களிமண் துகள்கள் எதிர் மின்னூட்டம் உடையவை. ஆகவே அவை ஒன்றையொன்று விலக்கியவாறு நீரில் மிதக்கின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியத்தின் நேர் மின்னூட்டம் அவ்விலக்கத்தைப் போக்கிவிடுகின்றது; துகள்கள் திரண்டு கீழே இறங்குகின்றன. வகுப்பில் இரண்டு கண்ணாடிக் குவளைகளைக் கொண்டு இதனைக் காட்டலாம். இப்பாடத்திற்கு வேண்டிய பௌதிகம் பெரும்பாலும் அவ்விரு குவளைகளிலேயே அடங்கியிருக்கின்றது.

ஏனெனில், பாக்டீரியமும் இவ்வகையிற் களிமண் துகளை ஒத்ததே. அதன் புறச்சுவரில் பாஸ்பேட், கார்பாக்சில் ஆகிய தொகுதிகள் நிறைந்துள்ளன. அமிலமும் காரமும் மிகாத நீரில் இவை எதிர் மின்னூட்டம் பெறுகின்றன. கிராம் சாயத்தை ஏற்கும் இனங்களில் டெய்க்காயிக் அமிலமும், ஏற்காத இனங்களில் புறச்சவ்விலுள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளும் இதற்குக் காரணமாகும். இத்தகைய உயிரணுவை நோக்கி நேர் மின்னூட்டமுள்ள துகள் ஈர்க்கப்படும். எதிர் மின்னூட்டமுள்ள துகள் தள்ளப்படும்.

நானோ துகள் என்பது ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுடையது. ஒரு பாக்டீரியத்தின் நீளமோ ஆயிரம் நானோமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். துகளின் மேற்பூச்சை மாற்றுவதன் மூலம் அதன் மின்னூட்டத்தையும் மாற்றலாம். அவ்வியல்பைச் சீட்டா மின்னழுத்தம் என்னும் அளவையால் மில்லிவோல்ட்டிற் குறிப்பர்.

2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நால்வகை வெள்ளித் துகள்கள் பாசில்லஸ் இனப் பாக்டீரியங்களின்மீது சோதிக்கப்பட்டன. சிட்ரேட் பூச்சுடையது சுமார் -38 மில்லிவோல்ட். பாலிஎத்திலீன் இமின் பூச்சுடையது சுமார் +40 மில்லிவோல்ட். மற்ற இரண்டும் இடைப்பட்டவை. சிட்ரேட் பூச்சுடையது மிகக் குறைந்த நச்சுத்தன்மையும், நேர் மின்னூட்டமுடையது மிக அதிக நச்சுத்தன்மையும் காட்டின. உலோகம் ஒன்றே, மேற்பூச்சே வேறு.

இம்முடிவை ஏற்குமுன் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். பாலிஎத்திலீன் இமின் தானே உயிரணுச் சவ்வைச் சிதைக்கவல்லது. எனவே, பூச்சுப் பொருளைத் தனியாகவும் சோதித்தறியாமல், கேடு முழுவதையும் மின்னூட்டத்தின்மீது சுமத்துவது பொருந்தாது. மேலும், வெள்ளி ஆக்சிஜன் முன்னிலையில் அயனிகளைக் கக்கும் உலோகம். 2012-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தார் காற்றில்லாச் சூழலில் ஈ.கோலையைச் சோதித்தனர். கொல்லுதற்குப் போதுமான வெள்ளி அயனியின் அளவைப்போல் ஏழாயிரம் மடங்குக்கு மேல் துகள்களைச் சேர்த்தும் அவ்வுயிரிகள் மடியவில்லை. அங்குப் பயன்பட்ட துகள்கள் வலிய நேர் மின்னூட்டம் பூண்டவை அல்ல என்பதையும் மறத்தலாகாது. ஆயினும், வெள்ளியைப் பொறுத்தவரை கொல்வது பெரும்பாலும் அயனியே. மின்னூட்டம் அவ்வயனியின் ஊற்றை உயிரணுவின் வாயிலுக்கே கொணர்கின்றது எனக் கொள்வது தகும்.

அயனிகளை எளிதில் வெளிவிடாத தங்கத்தைக் கொண்டு பார்த்தால் மின்னூட்டத்தின் பங்கு இன்னும் தெளிவாகும். 2004-இல் வெளியான ஆய்வொன்றில், 2 நானோமீட்டர் தங்கத் துகள்களுள் நேர் மின்னூட்டமுடையவை ஓரளவு நச்சாகவும், எதிர் மின்னூட்டமுடையவை பெரும்பாலும் தீங்கற்றவையாகவும் காணப்பட்டன. ஈ.கோலை மட்டுமன்றி, பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் இவ்வேறுபாடு தோன்றியது. ஆதலின், நேர் மின்னூட்டம் கிருமியை மட்டும் தேடிச்செல்லும் என எண்ணுதல் பிழையாகும்.

ஆய்வுக்கூடத்தின் வடிநீர் வேறு, களத்தின் கிணற்று நீர் வேறு. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் துகளின் மின்விசையை மறைக்கின்றன. துகள்கள் திரண்டு படியவும் கூடும். உப்பு நீரின் குளோரைடு வெள்ளி அயனியைப் பிடித்துக் கொள்கின்றது. குளத்து நீரில் மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் ஹ்யூமிக் பொருள் நேர் மின்துகளின்மேல் படிந்து, அதனை எதிர் மின்துகளாகவே மாற்றிவிடலாம். உற்பத்தியாளர் சீட்டில் அச்சிட்ட மின்னூட்டம் அப்போது பொருளற்றதாகும்.

கள அலுவலர் கருத வேண்டியது பிறிதொன்றும் உண்டு. நிலக்கடலை, உளுந்து முதலியவற்றின் விதையிற் பூசப்படும் ரைசோபியமும், கழிவுநீர்த் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியங்களும் எதிர் மின்சுவர் உடையவையே. நோய்க்கிருமிக்கும் இவற்றுக்கும் இடையே துகள் வேற்றுமை காணாது. பூசணக் கொல்லி இட்ட விதையில் ரைசோபியத்தைக் கலக்கலாகாது என உழவருக்கு நாம் எச்சரிப்பதில்லையா? வெள்ளி கலந்த கிருமிநாசினிக்கும் அவ்வெச்சரிக்கையே உரியது. உழவர் ஒருவர் அத்தகைய மருந்துப் புட்டியைக் கொணர்ந்து காட்டினால், அதிலுள்ள உலோகம் யாது, பூச்சு யாது, எந்த நீரிற் சோதிக்கப்பட்டது என்று கேட்டறிக. மூன்றாம் வினாவிற்கு விடை இல்லையெனில், அவ்வூர்க் கிணற்று நீரிற் கரைத்துச் சில விதைகளில் மட்டும் இட்டு, மருந்திடாத விதைகளை அருகில் விதைத்து, முப்பது நாட்களுக்குப்பின் இரு வரிசைச் செடிகளின் வேர் முடிச்சுகளையும் எண்ணிப் பார்க்கச் செய்க.