தெரு விளக்கு எரியலையா? டெட்ராய்ட் சொல்லும் பாடம்

உங்க தெருவில் விளக்கு எரியவில்லை. போனை எடுத்து ஆப்பில் புகார் பதிவு செய்றீங்க. புகார் எண்ணும் உடனே வந்துவிடுகிறது. ஆனால், விளக்கை மாற்ற நகர நிர்வாகத்திடம் பணமே இல்லை என்றால்? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் அந்த நிலைமைக்கு வந்தது.

ஆட்கள் குறைந்தார்கள், தெருக்கள் குறையவில்லை

மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட், கார் தொழிலால் வளர்ந்த ஊர். 1950-ல் அதன் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். தொழிற்சாலைகள் வெளியேறின; வசதியுள்ள குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோயின. 2010 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் சுமார் 7.1 லட்சம் பேர்தான். புறநகர்கள் தனி நகராட்சிகள் என்பதால், போனவர்களின் சொத்து வரியும் கூடவே போனது. நகரத்தின் பரப்போ அதே 360 சதுர கிலோமீட்டர். சாலை, குழாய், விளக்கு எதையும் சுருக்க முடியாது இல்லையா?

2013-ல் கடனும் பிற நிதிப் பொறுப்புகளும் சேர்ந்து சுமார் 1,800 கோடி டாலர். தெரு விளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை.

மேயர் இருந்தார், அதிகாரம் இல்லை

அமெரிக்காவில் ஒரு நகரத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமே தீர்மானிக்கிறது. 2013 மார்ச்சில் மாநில அரசு, கெவின் ஓர் என்ற வழக்கறிஞரை அவசரகால மேலாளராக நியமித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் மன்றமும் இருக்கும்போதே நிதி முடிவுகள் அவர் கைக்குப் போயின. ஜூலை 18-ல் நகரம் திவால் மனு தாக்கல் செய்தது.

அதற்கான விலையை ஓய்வுபெற்ற ஊழியர்களும் கொடுத்தார்கள். பொதுப் பணியாளர்களின் மாத ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு. விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் கிடைத்த உயர்வும் நின்றது.

வெளிச்சம் எப்படி வந்தது?

தெரு விளக்குக்கென்றே தனி ஆணையம் அமைத்தார்கள். நகர வரி ஒன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கி, அதை நம்பிக் கடன் திரட்டினார்கள். முன்பிருந்த சுமார் 88,000 விளக்குகளையும் திரும்பப் போடவில்லை. சுமார் 65,000 எல்.இ.டி. விளக்குகள் போதும் என்று முடிவு செய்தார்கள். செம்புக் கம்பியைத் திருடர்கள் அறுத்துப் போனதால் அலுமினியக் கம்பி போட்டார்கள். 2014-ல் மைக் டக்கன் மேயரானார். 2016 டிசம்பரில் வேலை முடிந்தது. இதற்கிடையே 2015-ல் புகார் ஆப்பும் வந்தது.

நீங்கள் கேட்க வேண்டியவை

ஆப் உங்க புகாரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். விளக்கை எரிய வைப்பது பணமும் அதிகாரமும். எந்த ஊரானாலும் இந்த மூன்றையும் கேளுங்க:

1. இந்த வேலை எந்த அமைப்பின் பொறுப்பு?
2. இதற்கான பணம் எந்த வரியிலிருந்து வருகிறது?
3. எந்தத் தேதிக்குள் முடியும்?